பழைய அரத்திலிருந்து ஒரு கிரிதாஷி: யாழ்ப்பாணத்தில் வீட்டிலேயே செய்வதற்கான முழு வழிகாட்டி

ஜப்பானியக் கத்திகளில் அலங்காரமே இல்லாத ஒன்று கிரிதாஷி. ஒரு சாண் நீளத்துக்கு உருக்குப் பட்டை. அதன் ஒரு நுனி சாய்வாக வெட்டப்பட்டு, ஒரு பக்கம் மட்டும் தீட்டப்பட்டிருக்கும். மறுபக்கம் தட்டை. மடிப்பு இல்லை, பூட்டு இல்லை, கழன்று விழ எதுவும் இல்லை. அங்கே தச்சர்கள் பலகையில் வெட்டுக்கோடு கீற இதை எடுப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவவும் ஒரு காலத்தில் இது பயன்பட்டது.

யாழ்ப்பாணத்து வீட்டில் இதற்கு வேலை தாராளமாக உண்டு. ஓலை வார, பார்சல் பிரிக்க, நைலோன் கயிறு அறுக்க, அடிமட்டம் வைத்து மட்டை வெட்ட, மாங்கன்றுக்கு ஒட்டுப்போட. ஒட்டுவேலைக்கு ஒருபக்கம் தீட்டிய கத்திதான் வேண்டும்; வெட்டுமுகம் தட்டையாக வந்தால்தான் இரண்டு கிளையும் இடைவெளி இல்லாமல் பொருந்தும். ஓலை வாரும் சத்தகம் பழகிய கைக்கு இது உடனே பிடிபடும். தேங்காய் உடைக்கவும் ரின் மூடி நெம்பவும் இது ஆகாது.

இதைச் செய்ய இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வடிவத்திலும் பிடியிலும் நேரத்தைக் கொட்டுகிறார்கள். என் கணக்கில் அது தலைகீழ். வடிவம் ஒரு பின்னேர வேலை. கத்தி வெட்டுமா வெட்டாதா என்பதை முடிவுசெய்வது இரண்டே விஷயம்: தோய்ச்சலும் (சிவக்கக் காய்ச்சிய உருக்கை எண்ணெயில் இறக்கி இறுக்குவது) தட்டைப் பக்கமும். அந்த இரண்டிலும் அவசரப்படாதவருக்கு மற்றதெல்லாம் மன்னிக்கப்படும்.

முதலில் அளவு

மொத்த நீளம் 16 முதல் 18 சென்ரிமீற்றர், அகலம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3 அல்லது 3.5 மில்லிமீற்றர். இதற்கு மேல் போகவேண்டாம். வாள்வெட்டுச் செய்திகள் அடிக்கடி அடிபட்ட ஊர் இது; கம்மாலைக்காரரிடம் ஏதாவது வேலை கொடுக்கப் போனால் அளவைத் தாளில் வரைந்து கொண்டு போங்கள், பார்த்தவுடனே கருவி என்று அவருக்கு விளங்கும். செய்து முடித்த பிறகும் அது மேசையிலோ கருவிப் பெட்டியிலோ இருக்கட்டும். இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறவேண்டாம்.

வலக்கைக்காரர் என்றால், வெட்டும் வாய் கீழேயும் முனை முன்னேயும் இருக்கப் பிடிக்கும்போது தீட்டிய சரிவு வலப்பக்கம் வரவேண்டும். இடக்கைக்காரருக்கு நேர் எதிர். கடையில் இடக்கைக் கத்தி தேடி அலைகிறவர்கள் சொந்தமாகச் செய்ய இதுவே நல்ல காரணம்.

உருக்கு

ஜப்பானில் நல்ல கிரிதாஷி மென்னிரும்பின் மேல் கடின உருக்கை ஒட்டி அடித்துச் செய்யப்படுகிறது. ஷிமானே மாகாணத்து யசுகியில் வடிக்கும் வெள்ளைத்தாள், நீலத்தாள் உருக்குகள் இதற்குப் பேர் போனவை. சுற்றிவரும் தாளின் நிறத்தால் வந்த பெயர்கள் அவை. வெள்ளைத்தாள் 2ஆம் இலக்கத்தில் காபன் 1.05 முதல் 1.15 வீதம். நீலத்தாளில் கொஞ்சம் தங்குதனும் குரோமியமும் சேரும்.

நல்ல பழைய அரத்திலும் காபன் ஒரு வீதத்தைச் சுற்றித்தான் இருக்கும், சிலதில் அதற்கு மேலும். ஆகவே பல்லுப் போன தட்டை அரம் இந்த வேலைக்குப் பொருத்தமானது. பழைய இரும்புக் கடையிலும் தச்சுப் பட்டறை மூலையிலும் தேடுங்கள். 8 அல்லது 10 அங்குல அரம் போதும். மலிவான புது அரங்களை நம்பவேண்டாம். சிலதில் மேல்தோல் மட்டும் இறுகியிருக்கும், உள்ளே மென்னிரும்பு.

லேலண்ட் பஸ்ஸின் வில்லுத்தகட்டில் செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். வெட்டுக்கத்திக்கு அது அருமையான இரும்பு, அடி தாங்கும். ஆனால் காபன் 0.6 வீதத்தைச் சுற்றித்தான். இவ்வளவு மெல்லிய வாய்க்கு வேண்டிய இறுக்கம் அரத்தில்தான் கூடுதலாகக் கிடைக்கும். தடிப்பும் அதிகம், உலையில் வைத்து அடித்துத்தான் மெலிக்கவேண்டும்.

அரத்தைச் சோதிக்க ஒரு வழி. பிடிக்குள் போகும் வால்பகுதியில் விரல் நக அளவு துண்டை வெட்டி எடுங்கள். நன்றாகச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போடுங்கள். ஆறியதும் வேறொரு நல்ல அரத்தால் உராயுங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் உருக்கு இறுகுகிறது. அப்புறம் துண்டைத் துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வைஸில் பிடித்து உடையுங்கள். உடைந்த முகம் மங்கலான சாம்பல் நிறமாக, மணி (உருக்கின் உள் துகள்) தெரியாமல் இருக்கவேண்டும். சீனி போல மினுங்கினால் சூடு கூடிவிட்டது. குறைந்த சூட்டில் இன்னொரு துண்டைப் பாருங்கள். இந்தச் சின்னத் துண்டு உங்களுக்குச் சொல்லித்தருவதைக் கத்தியை வைத்துக் கற்றுக்கொள்ளப் போனால் நட்டம்.

இளக்குதல்

அரம் இருக்கிற இறுக்கத்தில் இரும்பு அறுக்கும் வாள் ஏறாது. காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, உமிச்சாம்பல் நிரப்பிய பழைய வாளிக்குள் புதைத்துவிடுங்கள். அடுத்தநாள் காலையில் எடுத்தால் இளகியிருக்கும். சாம்பல் ஈரமாக இருக்கக்கூடாது.

வெட்டி உருவாக்குதல்

பல்லை முழுவதும் தேய்த்து எடுங்கள். அழகுக்காக அரத்தின் பல் தெரிய விடுகிறவர்கள் உண்டு. அலகுப் பகுதியில் அந்த ஆசை வேண்டாம். பல்லின் ஒவ்வொரு பள்ளமும் தோய்ச்சலில் வெடிப்புத் தொடங்க வசதியான இடம். பிடிப்பக்கத்தில் விட்டால் பரவாயில்லை, கைக்கும் பிடிமானம்.

மார்க்கரால் வடிவம் வரைந்து, இரும்பு அறுக்கும் வாளால் நுனியை 40 பாகை அளவில் சாய்வாக வெட்டுங்கள். கோணம் கூடினாலும் குறைந்தாலும் குடி முழுகாது. கோடு கீறவும் ஒட்டுப்போடவும் முனை கூர்மையாக வேண்டும் என்றால் சாய்வைக் கூட்டலாம்.

அடுத்தது சரிவு. இங்கே பாகைமானி தேவையில்லை, அடிமட்டம் போதும். பட்டையின் தடிப்பு 3.5 மில்லிமீற்றர் என்றால், சரிந்த முகத்தின் அகலம் 8 மில்லிமீற்றர் வரும்போது கோணம் ஏறக்குறைய 25 பாகை. 10 மில்லிமீற்றர் வந்தால் 20 பாகை. தினசரி வேலைக்கு 25 பாகையை எடுங்கள். 20 பாகை இன்னும் சுகமாக வெட்டும், ஆனால் மூங்கில் கணுவில் பட்டாலே வாய் உதிரும். சரிவின் எல்லைக்கோட்டைக் கீறிக்கொண்டு கை அரத்தால் இறக்குங்கள். கிறைண்டர் வைத்திருந்தாலும் கடைசிப் பங்கைக் கையால் செய்வதே நல்லது. வாயைக் கூராக்கிவிட வேண்டாம். அரை மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு விடுங்கள். மெல்லிய வாய் உலையில் முதலில் கருகும், எண்ணெயில் முதலில் வளையும்.

பிடிக்குப் பலகை வைத்து ஆணி அறைய எண்ணமிருந்தால் துளையை இப்போதே போடுங்கள். தோய்ச்சலுக்குப் பிறகு துளைபோடும் அலகுதான் தேயும்.

தட்டைப் பக்கம், முதல் சுற்று

தடித்த கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் போட்டுத் தேய்க்கும் கறுத்த அரத்தாளை ஒட்டுங்கள். 120ஆம் இலக்கத் தாளில் தொடங்கி 220, 400 வரை (இலக்கம் கூடக் கூடத் தாள் நுண்மையாகும்), தட்டைப் பக்கத்தை அதில் வைத்துத் தேயுங்கள். விரல் அழுத்தம் முனைக்கு நேர் மேலே. மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுவிட்டுத் தேய்த்தால் எந்த இடம் பள்ளம் என்று மை சொல்லும். முனையிலும் வாய் ஓரத்திலும் மை மிச்சமில்லாமல் போகவேண்டும். நடுவில் கொஞ்சம் மிஞ்சினால் அது குறையில்லை, நன்மை. ஜப்பானியர்கள் வேண்டுமென்றே இந்தப் பக்கத்தின் நடுவைக் குடைந்துவிடுகிறார்கள். சுற்றிவர ஓரம் மட்டும் கல்லில் படும், தீட்டுவது சுலபமாகும். முதல் கத்திக்கு அந்தக் குடைவு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கிறைண்டர் ஒருமுறை சறுக்கினால் வாய் ஓரமே பள்ளமாகிவிடும்.

இந்த வேலை அலுப்பானது. ஆனால் இளகிய இரும்பில் அரை மணித்தியாலத்தில் முடிகிறதை இறுகிய இரும்பில் செய்யப் போனால் ஒரு நாள் போய்விடும்.

தோய்ச்சல்

உலைக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. செங்கல்லை ப வடிவில் அடுக்கி, இடைவெளிகளைக் களிமண்ணால் பூசி, அடியில் ஒரு இரும்புக் குழாய். குழாயின் மறுமுனையில் தலைமயிர் உலர்த்தும் மெசினை குளிர்காற்றில் வையுங்கள். எரிக்கச் சிரட்டைக்கரி; ஊமல் கரி கிடைத்தால் இன்னும் நல்லது. கரி நன்றாகப் பிடித்து, புகை அடங்கிய பிறகுதான் கத்தியை வைக்கவேண்டும்.

நேரம் முக்கியம்: பொழுது பட்ட பிறகு செய்யுங்கள். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் 800 பாகை செல்சியஸில் இருக்கும் உருக்கும் கறுப்பாகவே தெரியும்.

எண்ணெய்க்குத் தேங்காயெண்ணெயோ வேறு சமையல் எண்ணெயோ சரி. மூடியுள்ள உயரமான இரும்பு ரின்னில் 2 லீற்றர் ஊற்றி, கை பொறுக்காத சூட்டுக்கு, அதாவது 55 - 60 பாகைக்குக் கொண்டுவாருங்கள். சிவக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டொன்றை உள்ளே விட்டால் போதும். இளஞ்சூட்டில் எண்ணெய் இலகுவாக ஓடும், கத்தியின் சூட்டை விரைவாக இழுக்கும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எண்ணெய் பற்றினால் மூடியைப் போடுங்கள், அல்லது மணலைக் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. பொலித்தீன் வாளி, பிளாஸ்ரிக் போத்தல் எதுவும் கிட்ட வேண்டாம். சாறத்தோடு செய்யவேண்டாம்; நீளக் காற்சட்டை, சப்பாத்து, கண்ணாடி.

ஜப்பானியக் கொல்லர்கள் வெள்ளைத்தாள் உருக்கைத் தண்ணீரில்தானே தோய்க்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், அந்த உருக்கு அவ்வளவு வேகமான குளிரைக் கேட்கிறது. அவர்கள் அலகில் மண் பூசி, வருடக்கணக்கான கைப்பழக்கத்தோடு இறக்குகிறார்கள். நீங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு கத்தி வெடித்து வீண். மெல்லிய வாய்க்கு இளஞ்சூட்டு எண்ணெயே போதுமான வேகம்.

இனி சூடு. முதலில் மூன்று தடவை, காந்தம் விடும் சூட்டுக்குக் கொண்டுவந்து, வெளியில் பிடித்துக் கறுக்கும்வரை ஆறவிடுங்கள். மணி நுணுகும், உருக்குக்குள் தங்கிய இழுவிசையும் போகும்.

நாலாவது தடவை தோய்ச்சலுக்கு. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நீளக் கம்பியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு 770 பாகையில் காந்தத்தை விட்டுவிடும். நமக்கு வேண்டியது அதற்குச் சற்று மேலே, 780 முதல் 800. காந்தம் ஒட்டாமல் போனதும் கரிக்குள் திரும்ப வைத்து, நிறம் ஒரு படி ஏறும்வரை பொறுங்கள். சிவப்பு முழுவதும் ஒரே சீராக வேண்டும். கவனித்துப் பார்த்தால் அலகுக்குள் ஒரு மங்கல் நிழல் நகர்ந்து மறைவது தெரியும். அந்த நிழல் போகும்வரை உள்ளே மாற்றம் முடியவில்லை. நிறம் செம்மஞ்சளுக்குப் போகத் தொடங்கினால் வெளியே எடுத்து ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள். மெல்லிய வாய் முந்திச் சூடேறும் என்பதால் முதுகு கீழே, வாய் மேலே இருக்குமாறு கரிக்குள் வைப்பது உதவும்.

முனையிலிருந்து 5 சென்ரிமீற்றராவது சீராகச் சிவந்தால் போதும், பிடிப்பகுதி இறுகத் தேவையில்லை. குறட்டால் பிடித்து, முனை கீழே வர, நேர் செங்குத்தாக எண்ணெய்க்குள் ஒரே மூச்சில் இறக்குங்கள். உள்ளே வாயிலிருந்து முதுகுக்கும் முதுகிலிருந்து வாய்க்கும் வெட்டுவது மாதிரி ஆட்டலாம். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். பத்துப் பதினைந்து விநாடி கழித்து எடுங்கள்.

அரம் போட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓடினால் வேலை ஆயிற்று. கடித்தால் சூடு போதவில்லை. திரும்ப வைக்கலாம், வெட்கமில்லை.

பதம் இறக்குதல்

இந்த நிலையில் கத்தி கண்ணாடி. நிலத்தில் விழுந்தால் இரண்டாகும். அன்றைக்கே பதம் இறக்கவேண்டும், அதாவது மெல்லிய சூட்டில் வைத்து உடையும் தன்மையைக் குறைக்கவேண்டும்.

கேக் சுடும் மின்போறணை இருந்தால் 200 பாகையில் ஒரு மணித்தியாலம், ஆறவிட்டு இன்னொரு மணித்தியாலம். எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் வீடெல்லாம் புகை, அம்மாவிடம் ஏச்சும். போறணை இல்லாதவர்கள் தாச்சியில் மணல் போட்டு, காஸ் அடுப்பில் மெல்லிய சூட்டில், முதுகை மணலில் புதைத்து வைக்கலாம். ஒரு பக்கத்தை முன்பே அரத்தாளால் பளபளப்பாக்கி வையுங்கள், நிறம் பார்க்க. முதுகிலிருந்து நிறம் ஓடிவரும். வாயில் வெளிறிய வைக்கோல் நிறம் வந்தவுடன் எடுத்துவிடுங்கள். கபிலத்துக்குப் போனால் கொஞ்சம் இளகிவிட்டது. வாய் நீலமாகினால் அது 300 பாகையைத் தொட்டுவிட்டது, தோய்ச்சலை மறுபடி போடவேண்டியதுதான். முதுகு நீலமானால் கவலையில்லை.

இப்படி வந்த அலகு, உருக்கின் இறுக்கத்தை அளக்கும் ரொக்வெல் அளவில் 60ஐ அண்டி நிற்கும்.

தீட்டுதல்

இங்கிருந்து அலகு கைக்குச் சுடக்கூடாது. கிறைண்டரைத் தள்ளி வையுங்கள்.

மறுபடி தட்டைப் பக்கம்தான் முதலில். தோய்ச்சலில் சற்று முறுகியிருக்கலாம். கண்ணாடி மேல் 220, 400, 800, 1200 என்று போய், வாயை ஒட்டிய ஒரு விரல் அகலம் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கவேண்டும். மற்ற இடம் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

பிறகு சரிவு. சரிந்த முகம் முழுவதும் கல்லில் படிய வையுங்கள். படிந்ததும் கைக்கே தெரியும், அலகு ஆடாது. இரண்டு விரலை வாய்க்கு நேர் மேலே அழுத்தி, முன்னும் பின்னும். 400, பிறகு 1000 கல். கல் இல்லாவிட்டால் கண்ணாடியும் அரத்தாளுமே போதும், தாளில் மட்டும் பின்னோக்கி இழுங்கள், முன்னே தள்ளினால் கிழியும். அவ்வப்போது தட்டைப் பக்கத்தில் பெருவிரலை வாய்க்கு வெளியே நோக்கி மெதுவாக இழுத்துப் பாருங்கள். மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது முனை தொடங்கி அடி வரை விடுபடாமல் தட்டுப்படவேண்டும். எங்காவது இல்லையென்றால் அந்த இடம் இன்னும் தீட்டுப்படவில்லை. அடுத்த கல்லுக்குப் போய்ப் பயனில்லை.

பிசிறு முழுக்க வந்ததும் அலகைத் திருப்பி, தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படுக்கவைத்து நாலைந்து தடவை. படுக்கவைத்து என்றால் படுக்கவைத்துத்தான். முதுகைக் கொஞ்சம் தூக்கினால் பிசிறு சீக்கிரம் போகும், ஆனால் அந்த நொடியோடு தட்டைப் பக்கம் முடிந்தது. பிறகு அடிமட்டத்தோடு ஒட்டி ஓடாது, ஒட்டுவெட்டும் வளையும். இப்படி இரு பக்கமும் மாறி மாறி, 3000 கல் அல்லது 2000 தாள் வரை போங்கள். கடைசியாகப் பழைய நாளிதழை மேசையில் விரித்து அதன்மேல் சில இழுவை.

மூங்கில், கடின மரம் என்று முரட்டு வேலை அதிகம் என்றால் சரிவுப் பக்கத்தில் மட்டும், சற்றே தூக்கிய கோணத்தில், நுண்கல்லில் இரண்டு இழுவை கொடுங்கள். வாய் உதிர்வது குறையும்.

காய்ந்த குருத்தோலையில் வெட்டிப் பாருங்கள். நரம்போடு போகாமல் குறுக்கே வெட்டும்போது இழை கிளம்பாமல் வந்தால் கூர் சரி. ஆரம்பத்தில் வெட்டு தட்டைப் பக்கமாக இழுக்கும். ஒருபக்கக் கத்தியின் இயல்பு அது, கை தானாகப் பழகிவிடும்.

பிடியும் உறையும்

வெறும் இரும்பாகவே வைத்திருக்கலாம். ஆனால் இங்கத்தைய வியர்வைக்கு வழுக்கும், துருவும் ஏறும். எனக்குப் பிடித்தது மீன்வலை பின்னும் நைலோன் நூல். குருநகர்ப் பக்கம் சுலபமாக எடுக்கலாம், தண்ணீர் குடிக்காது. நூலின் ஒரு முனையைக் கொக்கி மாதிரி மடித்துப் பிடியில் படுக்கவைத்து, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றி வந்து, மறுமுனையை அந்த மடிப்புக்குள் விட்டு உள்ளே இழுத்து மறைத்துவிடுங்கள்.

மரம்தான் வேண்டும் என்றால் முதிரைத் துண்டு நல்லது. கறுத்த வைரப் பனை பார்வைக்கு அதைவிட வடிவு, ஆனால் சிலாம்பு ஏறும்: இழையின் திசையில் மட்டும் தேய்த்து, மெல்லிய சுப்பர் குளூவை ஊறவிட்டு மறுபடி தேய்க்கவேண்டும். மேலே ஆளிவிதை எண்ணெய். தேங்காயெண்ணெய் காய்ந்து இறுகாது, மரத்துக்கு உதவாது.

உறைக்குப் பனையோலையை அலகின் அளவுக்கு மூன்று நான்கு மடிப்பாக மடித்து நூலால் தைத்தால் போதும். தோல் உறை பார்க்க நன்று, ஆனால் மாரிகாலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்து அலகைக் கெடுக்கும்.

பராமரிப்பு

காபன் உருக்கு, சுற்றிவரக் கடல். ஐப்பசி தொடக்கம் தை வரை கவனம் கூடத் தேவை. தீவுப் பக்கத்துச் சவர்த் தண்ணீரில் தீட்டினால் துடைக்கும் முன்பே மஞ்சள் பொட்டு விழும். நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, மெல்லியதாக எண்ணெய். ஜப்பானில் கமேலியா எண்ணெய் பூசுகிறார்கள். அலகுக்குத் தேங்காயெண்ணெய் தாராளமாகப் போதும். மாங்காயோ தேசிக்காயோ வெட்டினால் அலகு நீலமும் கறுப்புமாக மாறும். அதைத் தேய்த்து எடுக்கவேண்டாம், அந்தப் படை சிவப்புத் துருவைத் தாமதப்படுத்தும். சிவப்புத் துரு வந்தால் எண்ணெயில் குழைத்த சாம்பலால் தேயுங்கள்.

முனை முறிந்தால் முதுகுப் பக்கமிருந்து அரைத்துப் புது முனை கொண்டுவாருங்கள், தட்டைப் பக்கத்தைத் தொடவேண்டாம். அலகு தீட்டித் தீட்டிக் குறைந்து, தோய்ச்சல் வாங்கிய 5 சென்ரிமீற்றர் முடியும்போது கல்லில் பிசிறு தடிப்பாக மடிந்து வரும். அப்போது நூலைக் கழற்றிவிட்டுத் திரும்ப உலையில் வைக்கலாம். மிச்சமிருப்பதும் அதே உருக்குத்தான்.